சுவரைப் பார்த்துப் பிடிப்பதா, லேப்டாப் கோட்டைப் பார்ப்பதா? மகளின் ஏர் பிஸ்டல் பயிற்சி பற்றி ஒரு கேள்வி

நொய்யல்காரர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். எனக்கு இந்த விளையாட்டில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த அனுபவம் மட்டும்தான், அதனால் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார நாட்களில் கிளப்பில் சொல்லிக்கொடுப்பவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் சுபேதார் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) கிடையாது. வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிஸ்டலைத் தூக்கிப் பிடி, இறக்கு, மறுபடி தூக்கு. அப்புறம் பேரல் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அது விழாமல் ட்ரிகரை அழுத்து. இதெல்லாம் முடிந்தால்தான் கொஞ்சம் பெல்லட் கிடைக்கும், அதையும் இலக்கு அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி மாட்டிச் சுடச் சொல்வார். ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டால் "அது உனக்கு இப்போது எதற்கு" என்பார்.

சனி, ஞாயிறில் வேறொரு அகாடமி. அங்கே இளம் கோச். பேரலுக்கு அடியில் சின்னதாக ஒரு சென்சார் மாட்டி, லேப்டாப்பில் கலர் கலராகக் கோடு வருகிறது. சுவர் பயிற்சியெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டது, இத்தனை நாள் நேரத்தை வீணடித்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். சுபேதார் ஐயாவோ அந்த லேப்டாப்பை "டிவி பெட்டி" என்கிறார்.

நடுவில் பிள்ளை குழம்புகிறாள். கிளப்பில் 600க்கு 550ஐத் தொடுகிறவள் மேட்சில் 530ஐத் தாண்ட மாட்டேன் என்கிறாள். ஒருவரை விட்டுவிட வேண்டுமா, இரண்டையும் சேர்க்க முடியுமா? அந்தக் கருவியைச் சொந்தமாக வாங்க வேண்டுமா? அது விலை கேட்டால் தலை சுற்றுகிறது.


பழைய கேடட் எழுதியது:

ஐயாவை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் என் பதில். இருந்தாலும் கொஞ்சம் எழுதுகிறேன்.

நாங்கள் என்.சி.சி.யில் .22 ரைஃபிளில் கற்றுக்கொண்டவர்கள். கீழே படுத்துக்கொண்டு சுடுவது. உஸ்தாத் சொல்லித்தந்த பாடம் மொத்தமே மூன்று வரி: மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், சஹி ட்ரிகர் ஆபரேஷன். பிடி உறுதியாக இருக்க வேண்டும், குறி சரியாக இருக்க வேண்டும், ட்ரிகரை ஒழுங்காக இயக்க வேண்டும். ஹிந்தி தெரியாத பையன்கள்கூட இதைத் தூக்கத்தில் சொல்வார்கள். தோட்டா கணக்குப் பார்த்துத்தான் தருவார்கள், அதனால் ஒவ்வொன்றுக்கும் மரியாதை இருந்தது. ஐந்து ரவுண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் போதும், நடுவில் விழ வேண்டும் என்றுகூட உஸ்தாத் கேட்க மாட்டார். குரூப்பிங் வந்தால் சைட்டை (குறி பார்க்கும் அமைப்பை) திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம், குரூப்பிங்கே வராதவனுக்கு எதைத் திருகுவது?

இன்றைய பிள்ளைகள் ஒரு ஷாட் போட்டதும் திரையைப் பார்க்கிறார்கள். 9.1 வந்தால் முகம் சுருங்குகிறது, 10.6 வந்தால் சிரிப்பு. உடம்பைக் கவனிக்க நேரமே இல்லை. லேப்டாப் என்ன சொல்லிக்கொடுத்துவிடும்?


டேட்டா தம்பி எழுதியது:

கேடட் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். படுத்துக்கொண்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, ஸ்லிங் வார் போட்டுச் சுடும் .22 ரைஃபிளும், நின்றுகொண்டு ஒரே கையில் ஏறக்குறைய ஒரு கிலோ பிஸ்டலை நீட்டிப் பிடிப்பதும் வேறு வேறு விளையாட்டு. முதலாவதில் எலும்பும் தரையும் தாங்கும். இரண்டாவதில் அலைவு எப்போதும் இருக்கும், உலக சாம்பியனுக்கும் இருக்கும். அலைவை நிறுத்த முடியாது என்னும்போது அது எப்படி அலைகிறது என்று தெரிந்துகொள்வதில் என்ன தப்பு?

நொய்யல்காரர் சாருக்கு அந்தக் கலர் கோடு என்ன என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஸ்காட் மாதிரிக் கருவிகளில் பேரல் எங்கே பார்க்கிறது என்பதைக் கணத்துக்குக் கணம் வரைகிறார்கள். குறியை நோக்கி வருவது பச்சை. சுடுவதற்கு முந்தைய ஒரு வினாடி மஞ்சள். கடைசி 0.2 வினாடி நீலம். சுட்ட பிறகு சிவப்பு. மஞ்சள் அழகாக நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்து, நீலம் மட்டும் திடீரென்று கீழே இடது பக்கம் ஓடினால் விஷயம் தெளிவு: பிடித்தது சரி, ட்ரிகரில் ஜெர்க், அதாவது வெடுக்கென்று இழுத்தது. மஞ்சளே பரந்து கிடந்தால் ட்ரிகரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிற்பதிலோ பிடிப்பதிலோ கோளாறு. அட்டையில் இரண்டுமே ஒரு 8தான். ஓட்டையைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியுமா?

சுபேதார் ஐயா "ஜெர்க் அடிக்கிறாய்" என்று சொல்லும்போது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 14 வயதுப் பிள்ளை அதை நம்ப வேண்டுமே. கோட்டைக் காட்டினால் வாதமே இல்லை.


குறும்பன் எழுதியது:

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அந்தத் துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் என்ன மாட்டிக்கொண்டு வந்தார்? சாதாரணக் கண்ணாடி, காதில் பஞ்சு மாதிரி ஏதோ, ஒரு கை பாக்கெட்டில். 51 வயதில் வெள்ளி. லேப்டாப் கோஷ்டி பதில் சொல்லட்டும் 😄


கார்த்திகா ரைஃபிள் எழுதியது:

இந்த மீம் இன்னும் ஓயவில்லையா?

குறும்பன், அதே பாரிஸில் தென்கொரியாவின் கிம் யே-ஜி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கினார். ஒரு கண்ணுக்கு லென்ஸும் ஐரிஸும் (ஒளியைக் கட்டுப்படுத்தும் சின்னத் துளை), இன்னொரு கண்ணுக்கு மறைப்பும் வைத்த ஃப்ரேமோடு எதிர்காலத்திலிருந்து வந்தவர் மாதிரி நின்றார், அவர் படமும் உலகம் சுற்றியது. டிகெச்சுக்குக் கலப்பு இரட்டையரில் வெள்ளி, இவருக்குத் தனிநபர் பிரிவில் வெள்ளி. விசேஷக் கண்ணாடி போட்டாலும் வெள்ளி, போடாவிட்டாலும் வெள்ளி, அப்படியானால் கண்ணாடியை வைத்து இங்கே எதையும் நிரூபிக்க முடியாது. டிகெச் துருக்கி ஜென்டார்மரியில் இருந்தவர், பல வருஷம் சர்வதேசப் போட்டிகளில் சுட்டவர், திடீரென்று தெருவிலிருந்து வந்து சுட்டவர் இல்லை. கை பாக்கெட்டில் வைப்பதும் ஸ்டைல் கிடையாது, சுடாத கை ஆடினால் உடம்பு ஆடும் என்பதால் பிஸ்டல்காரர்கள் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கையைச் சொருகி வைப்பது எப்போதும் உள்ள வழக்கம்.

நான் ரைஃபிள், அதனால் என் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். எங்களுக்குப் பழைய முறை மட்டும் என்பது இனி நடக்காது. ஏர் ரைஃபிளில் 10 வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. 2013லிருந்து தகுதிச் சுற்றையே தசமத்தில் எண்ணுகிறார்கள், ஒரு ஷாட்டுக்கு உச்சம் 10.9. பெண்கள் பிரிவில் பெரிய போட்டியில் ஃபைனலுக்குப் போக 630 பக்கம் வேண்டும், அதாவது 60 ஷாட்டும் சராசரியாக 10.5. 2008ல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கும்போது தகுதிச் சுற்று 600க்கு 596 என்று முழு எண்ணில் இருந்தது. அப்போது 10.0வும் 10.9வும் ஒரே பத்து. இப்போது கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் மாதிரி ஆட்கள் மோதுவது 10.2க்கும் 10.6க்கும் நடுவில் உள்ள இடைவெளியில். அட்டையில் இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் கேடட் அண்ணா சொன்னதில் ஒன்று உண்மை. மானிட்டர் வந்ததும் எங்களிடமிருந்து ஒரு பழக்கம் போய்விட்டது. கயிறு இழுத்து அட்டை மாற்றும் ரேஞ்சில், அட்டை திரும்பி வரும் வரை அந்த ஷாட் எங்கே போயிருக்கும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். "மூன்று மணிப் பக்கம் 9" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் அட்டையைப் பார்ப்போம். ஷாட்டைக் கால் பண்ணுவது என்பார்கள். எலக்ட்ரானிக் டார்கெட்டில் பெல்லட் விழுந்த அடுத்த நொடி எண் வந்துவிடுகிறது, யாரும் கால் பண்ணுவதில்லை. சார், உங்கள் மகள் கால் பண்ணுகிறாளா என்று முதலில் கேளுங்கள்.


பத்துமீட்டர் எழுதியது:

நான் சில வருஷங்களாகப் பிஸ்டல் கோச்சிங் செய்கிறேன். கார்த்திகா மேடம் கடைசியாகச் சொன்னதுதான் இந்த இழையின் சாவி என்று நினைக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் சுவருக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த இளம் கோச் அதை வீண் என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

ஒரு கணக்கு. ஏர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் சுமார் 32 சென்டிமீட்டர். குறி 10 மீட்டரில். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மில்லிமீட்டர் தள்ளி நின்றால், அட்டையில் அது 31 மில்லிமீட்டராக விரியும். நடுப் பத்தாக வேண்டியது 7 ஆகிவிடும். ஆனால் இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்து, முழுக் கையும் அப்படியே 7 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால்? அது இன்னமும் பத்துதான், வளையத்தைத் தொட்டால் கணக்கு என்பதால். ஆகப் பிஸ்டலில் குறியைவிடச் சைட் முக்கியம். ஆனால் கண் என்ன செய்யும்? கறுப்பு வட்டம் இருந்தால் அதைத்தான் பார்க்கும், குழந்தைக் கண் இன்னும் அதிகமாகப் பார்க்கும். வட்டத்தைத் தெளிவாகப் பார்த்தால் முன் சைட் மங்கும், மங்கினால் அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியாமல் போகும்.

சுவரில் வட்டமே இல்லை. பார்ப்பதற்குச் சைட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. திருப்பி மாட்டிய அட்டையும் அதற்குத்தான். இது பழைய காலத்துப் பிடிவாதம் இல்லை ஐயா, உலகம் முழுக்கப் பெரிய வீரர்கள் இன்றைக்கும் செய்வது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சுபேதார் ஐயா விஷயம் தெரிந்தவர், காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். ராணுவத்தில் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. 14 வயதுப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

அதே சமயம் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது. எவ்வளவு நேரம் பிடிக்கச் சொல்கிறார்? ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று பிடித்துக்கொண்டே நிற்கச் சொன்னால் அது தோள்பட்டைக்கான பயிற்சி, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வளரும் வயது என்பதால் அளவோடு. சுடும் பயிற்சியில் பிஸ்டல் மேலிருந்து குறிக்கு இறங்கி நிலைத்த பிறகு ஆறிலிருந்து பத்து வினாடிக்குள் ஷாட் போக வேண்டும். அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும், கை நடுக்கம் கூடும், கண் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், சைட் நகர்ந்தது தெரியாது. அப்போது பிஸ்டலை இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். இந்த இறக்கும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் கோச்சிங்கில் பாதி. ரொம்ப நேரம் பிடித்துப் பழகிய பிள்ளைகள் இறக்க மாட்டார்கள், மேட்சில் பல்லைக் கடித்துக்கொண்டு 12வது வினாடியில் சுட்டு 8 வாங்குவார்கள். உங்கள் மகளின் மேட்ச் ஸ்கோர் இறங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நேரில் பார்க்காமல் சொல்லக் கூடாது. இங்கேதான் லேப்டாப் நல்லது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் எத்தனை வினாடி ஆனது என்று அது கணக்கு வைத்திருக்கும், மனுஷக் கண்ணால் 60 ஷாட்டுக்கும் அதைப் பார்க்க முடியாது.

அப்புறம், டேட்டா தம்பி சொன்ன நீலக் கோடு. கீழே இடது பக்கம் ஓடினால் ஜெர்க் என்றார். வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் சரி. ஆனால் அது விரல் இழுத்ததா, சுடும் நேரத்தில் உள்ளங்கை முழுவதும் இறுகியதா, சத்தத்துக்கு முன்னாலேயே மணிக்கட்டு தளர்ந்ததா? மூன்றுக்கும் ஒரே கோடு, மூன்றுக்கும் வேறு வேறு மருந்து. பக்கத்தில் நின்று கட்டை விரல் நகம் வெளுக்கிறதா என்று பார்க்கிற ஆள்தான் இதைச் சொல்வார். ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு டாக்டரை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது அந்த இளம் கோச் பேசுவது.

எனவே எதை எடுப்பது, எதை விடுவது என்பது கேள்வியே இல்லை. எது முதலில், எது பிறகு என்பதுதான். நான் செய்வது இது: பிள்ளை சுடுகிறாள், திரை அவளுக்குத் தெரியாது. பிஸ்டலை இறக்கியதும் சொல்ல வேண்டும், எங்கே போனது, எப்படி உணர்ந்தாள் என்று. "ஏழு மணிப் பக்கம் 9, ட்ரிகர் நின்று நின்று போனது", இந்த மாதிரி. நோட்டில் எழுதியாக வேண்டும். பத்து ஷாட் ஆனதும் திரையைத் திருப்பி அவள் நோட்டையும் கோட்டையும் பக்கத்தில் வைப்போம். பொருந்தினால் அவள் உடம்பை அவளே படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். பொருந்தாத ஷாட்டுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.


டேட்டா தம்பி எழுதியது:

கோச் சார், நீங்கள் சொன்ன உள்ளங்கை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், கோடு காரணத்தைச் சொல்லாது. ஆனால் கால் பண்ணுவதை ரொம்ப நம்புகிறீர்களோ என்று தோன்றுகிறது. சைட்டைத் திருகி வைத்தது தப்பாக இருந்தால், சொன்ன கால் சரியாக இருந்தும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கும். பிள்ளைகள் சாமர்த்தியமாக எப்போதும் "9, கீழே" என்று சொல்லிவிட்டால் பாதி நேரம் சரியாகவும் இருக்கும். கோச் மூஞ்சியைப் பார்த்தே மாற்றிச் சொல்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.


பத்துமீட்டர் எழுதியது:

அதனால்தான் வாயால் சொன்னால் மட்டும் போதாது, எழுத வேண்டும் என்றேன். எப்போதும் "9, கீழே" என்று எழுதுகிற பிள்ளை பத்து ஷாட்டில் மாட்டிக்கொள்ளும். கோச்சும் திரையைப் பார்க்காமல் பிள்ளையின் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது, அப்போது நம் மூஞ்சியில் படிப்பதற்கு எதுவும் இருக்காது. சைட் திருகல் பற்றி நீங்கள் சொன்னது சரியான பாயிண்ட். சொன்ன கால் எல்லாம் நடுவில், ஓட்டை எல்லாம் இரண்டு மணிப் பக்கம் என்றால் உடம்பு சரி, சைட்டைத் திருகு. கால் பண்ணத் தெரியாத பிள்ளை இந்த இடத்தில் என்ன செய்யும் தெரியுமா? கையை வளைத்து நடுவில் போடப் பார்க்கும். மேட்சில் ஒரு சீரிஸ் (பத்து ஷாட்) போய்விடும்.


மைன்நதித் தமிழன் எழுதியது:

நான் இருப்பது ஃபிராங்க்ஃபர்ட் பக்கம். இங்கே ஊருக்கு ஊர் சுடும் சங்கம் உண்டு, பல சங்கங்களுக்கு நூறு வயதுக்கு மேல். வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழா, ஊர்வலம், யார் "சுடும் ராஜா" என்று போட்டி, பச்சைக் கோட்டு, நெஞ்சு நிறையப் பதக்கம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் கட்டடம் பழசு, பீர் மேஜை பழசு, ஆனால் கீழ்த்தளத்தில் எல்லா லேனிலும் எலக்ட்ரானிக் டார்கெட்.

இதை எழுதக் காரணம், இங்கே சின்னக் குழந்தைகளுக்கு எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்பது. சட்டப்படி ஏர் கன் தொட 12 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு பெல்லட்டே இல்லாத ஒளித் துப்பாக்கி. ட்ரிகர் அழுத்தினால் ஒளி போய் டார்கெட்டில் பட்டு எண் காட்டும். புத்தம் புதுக் கருவிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்கள் சங்கத்துக் கிழவர்கள் சொல்லிக்கொடுப்பது தாத்தா காலத்துப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கு, திற, அது எங்கே பார்க்கிறது? தள்ளிப் பார்த்தால் கையால் இழுக்காதே, காலை நகர்த்து. என் பையன் ஒரு பருவம் முழுக்க இதையே செய்தான். சலித்துக்கொண்டான், ஆனால் கால் எங்கே வைப்பது என்று இப்போது யோசிப்பதே இல்லை.

இன்னொன்று, பிந்த்ராவைப் பழைய ஆளா புது ஆளா என்று யாரும் பிரிக்க முடியாது. அவருக்கு அடித்தளம் போட்டவர் கர்னல் தில்லான் என்ற ராணுவக்காரர். பின்னால் பிந்த்ராவே மூளை அலையைப் பார்க்கும் நியூரோஃபீட்பேக் வரைக்கும் போனார், பயத்தைச் சமாளிக்க ஜெர்மனியில் உயரமான கம்பத்தில் ஏறவும் செய்தார்.


நொய்யல்காரர் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. அந்த 1 மில்லிமீட்டர் கணக்கை மகளிடம் பேப்பரில் வரைந்து காட்டினேன், இதை ஏன் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை என்று என்மேல் கோபப்பட்டாள்.

கால் பண்ணுகிறாளா என்று கேட்டேன். கிளப்பில் ஐயா கேட்பாராம், இவள் ஏதோ சொல்வாளாம். அகாடமியில் யாரும் கேட்பதில்லை, திரை எதிரிலேயே இருக்கிறது. மேட்ச் விஷயத்துக்கு வருகிறேன். போன மாவட்டப் போட்டியில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சுட்டதாகச் சொல்கிறாள், மூன்றாவது சீரிஸில் ஒரு 7 விழுந்ததும் கூட்டிக் கழித்து எவ்வளவு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாளாம். இதற்கு என்ன வழி? கருவி வாங்குவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லையே.


கார்த்திகா ரைஃபிள் எழுதியது:

கணக்குப் போடுவது எல்லோருக்கும் வரும் நோய் சார், பெரியவர்களுக்கும் உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் மருந்து இருக்கிறது.

பழைய பக்கம்: ஷாட்டுக்கு ஒரு வரிசை. கால் வைப்பு, பிடி, மூச்சு, தூக்கு, இறங்கி நில், முன் சைட், ட்ரிகர், சுட்ட பிறகும் ஒரு கணம் அப்படியே நில். மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், வரிசையில் இருக்கும்போது கணக்குக்கு இடம் கிடையாது. கேடட் அண்ணாவின் உஸ்தாத் சொன்ன மூன்று வரியும் இதுதானே. அட்டையில் சுடும் நாட்களையும் விடாதீர்கள், பல மாவட்ட ரேஞ்சுகளில் இன்னும் அட்டைதான்.

புதுப் பக்கம்: நேரம். தகுதிச் சுற்றில் 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம், அதற்கு முன் சைட்டருக்கு (கணக்கில் சேராத ஒத்திகை ஷாட்டுகளுக்கு) 15 நிமிஷம். ஒரு 7 விழுந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க நேரம் தாராளமாக இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதில்லை, 40 நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து அழுகிறார்கள். ஃபைனல் வேறு மாதிரி. தனி ஷாட்டுக்கு 50 வினாடி, பாட்டு ஓடும், கைதட்டல் கேட்கும். அமைதியான ரேஞ்சில் மட்டும் பழகியவர்கள் அங்கே உறைந்துவிடுவார்கள், அதனால் வாரத்தில் ஒரு நாள் ஸ்பீக்கரில் ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டு சுடச் சொல்லுங்கள். 2022ல் திருச்சியில் மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தபோது ரைஃபிள் கிளப் வாசலில் கூடிய கூட்டத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரிச் சத்தத்துக்கும் நடுவில் சுடத்தான் வேண்டியிருக்கும்.

கருவி வாங்க வேண்டாம். 550ல் இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் அது இருந்தால் தினமும் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அகாடமியில் மாதத்துக்கு இரண்டு தடவை மாட்டிப் பார்த்தால் போதும். அந்தப் பணத்தில் நல்ல பெல்லட்டும், அவள் கைக்குச் செதுக்கிய கிரிப்பும் வாங்குங்கள். கிரிப் சரியில்லாமல் எந்தக் கோடும் சரியாகாது.


பழைய கேடட் எழுதியது:

டேட்டா தம்பி, உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. நேற்று என் மருமகன் அந்தக் கோட்டை யூட்யூபில் காட்டினான். அந்த நீலம் எங்கள் உஸ்தாத்துக்குக் கிடைத்திருந்தால் எங்கள் பாடு இன்னும் திண்டாட்டமாக இருந்திருக்கும்.

நொய்யல்காரர் தம்பிக்கு ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை என்பதால். வீட்டில் ட்ரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் ட்ரிகரை அழுத்தும் பயிற்சி) செய்தால் பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. தூக்குவதற்கு முன்னால் பேரல் காலி என்று பிள்ளை பார்க்க வேண்டும், பிறகு நீங்களும் பார்க்க வேண்டும். மேட்ச் பிஸ்டல்களில் ட்ரை ஃபயருக்கென்று தனி அமைப்பு இருக்கும், காற்று வெளியே வராது, அதில் வைத்துத்தான் அழுத்த வேண்டும். ஆள் நடமாடும் கதவுப் பக்கம் ஒருபோதும் வேண்டாம், கெட்டிச் சுவர்ப் பக்கம் மட்டும். பயிற்சி முடிந்ததும், உள்ளே எதுவும் இல்லை என்று காட்டும் ஆரஞ்சுக் கொடியைப் பேரலுக்குள் செருகிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். இதில் பழசு புதுசு எதுவும் கிடையாது. சுபேதார் ஐயா இதில் கண்டிப்பாக இருப்பார், எனக்குத் தெரியும்.


நொய்யல்காரர் எழுதியது:

கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பு. முன்னால் ஆள் நிற்கும்போது மேஜையில் கிடக்கும் பிஸ்டலைத் தொட்ட ஒரு பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு தகவல். ஐயாவிடம் நேரில் பேசினேன். நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு கோட்டோடு ஒப்பிடும் முறையைச் சொன்னதும், "அப்படியென்றால் சரி, ஆனால் டிவி பெட்டி என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பாப்பா பக்கம் இல்லை" என்றார். இளம் கோச்சுக்கு முதலில் முகம் போன போக்கு சரியில்லை, அப்புறம் கருவியை ஒரு நாள் கிளப்புக்கே எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு இருவரும் ஒரே லேனில் நிற்கப் போகிறார்கள். ஒரு நிமிஷப் பிடியை ஆறு செட்டோடு நிறுத்திவிட்டுச் சுடும் பயிற்சியைத் தனியாக வைக்கவும் ஐயா ஒத்துக்கொண்டார், அதற்குத்தான் ரொம்ப நேரம் பேச வேண்டியிருந்தது.


டேட்டா தம்பி எழுதியது:

சூப்பர் சார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒன்று பார்த்துவிடுங்கள்: சில பிஸ்டல்களில் பேரலுக்கு அடியில் காற்று சிலிண்டர் இருப்பதால் சென்சார் கிளாம்ப் நேராக உட்காராது, வேறு அடாப்டர் வேண்டும். மகளின் பிஸ்டல் என்ன மாடல்? அப்புறம் சென்சார் மாட்டினால் முன்பக்கம் எடை கொஞ்சம் கூடும், முதல் சில ஷாட் கீழே போனால் ஐயா உடனே கருவியைக் கழற்றச் சொல்லப் போகிறார், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.